தீங்கு குறைந்த சிகரெட்டை ஏன் இன்னும் செய்ய முடியவில்லை?

இணுவிலில் இருந்து வந்த கேள்வி: “சிகரெட் கம்பனிகளிட்ட இவ்வளவு காசும் ஆய்வுகூடமும் இருக்கு. பிறகேன் தீங்கு குறைஞ்ச சிகரெட் ஒண்டைச் செய்யேலாமல் போச்சு? உண்மையாய் முயற்சி செய்தவையோ? தார் குறைஞ்ச சிகரெட்டுக்கு மாறினால் கொஞ்சமெண்டாலும் பயன் இருக்கோ? அப்பா சுருட்டுத்தான் குடிக்கிறவர். ‘இது எங்கட மண்ணில விளைஞ்ச புகையிலை, மருந்து கலக்கேல்லை’ எண்டு சொல்லுறார். அது பரவாயில்லையோ?”

நேரடியான விடைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பனிகள் முயன்றன, சில முயற்சிகள் ஆய்வுகூடத்தில் பலனும் தந்தன. தார் குறைந்த சிகரெட்டுக்கு மாறுவதால் பயன் இல்லை. சுருட்டும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவான விளக்கம் தேவை. சிகரெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இந்த விடைகளை நம்பச் சொல்வது நியாயமில்லை.

எரிதலில் இருந்து தொடங்குவோம். ஒரு சிகரெட்டில் ஏறக்குறைய முக்கால் கிராம் புகையிலை இருக்கும். இழுக்கும்போது தணல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாகும். இழுக்காமல் வைத்திருக்கும்போது 600 பாகையளவில் கனன்றுகொண்டிருக்கும். ஆனால் நச்சுப் பொருள்களில் பெரும்பகுதி தணலுக்குள் உண்டாவதில்லை. தணலுக்குச் சற்றுப் பின்னால், ஒட்சிசன் எட்டாத, 200 முதல் 600 பாகை வரையான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கே இலை எரியாமல் வெந்து சிதைகிறது. அந்தச் சிதைவிலிருந்துதான் தார் (புகையில் வரும் பிசுபிசுப்பான துணிக்கைக் கலவை), பென்சோபைரீன் போன்ற பல்வளையச் சேர்வைகள், அக்ரோலீன், போமல்டிகைட்டு எல்லாம் வருகின்றன. புகையில் இதுவரை 7000-க்கு மேற்பட்ட இரசாயனங்கள் இனங்காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் 70 அளவானவை புற்றுநோயை உண்டாக்குபவை. அவற்றில் பெரும்பாலானவை தாவர இலை ஒன்று அரைகுறையாக எரியும்போது தாமாகவே பிறப்பவை. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்தவை அல்ல. “மருந்து கலக்கேல்லை” என்ற வாதம் இந்த இடத்திலேயே வலுவிழந்துவிடுகிறது.

கம்பனிகளுக்குப் பிரச்சினை தொடங்கியது 1950-களில். 1950-இல் பிரித்தானியாவில் டொலும் ஹில்லும், அமெரிக்காவில் வின்டரும் கிரஹாமும் புகைத்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். 1953-இல் வின்டர் குழு சிகரெட் தாரை எலிகளின் தோலில் பூசிக் கட்டிகளை உண்டாக்கிக் காட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் கம்பனித் தலைவர்கள் நியூயோர்க் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். 1954 ஜனவரி 4-ஆம் திகதி நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை ஒன்று வந்தது: மக்களின் உடல்நலமே எங்களுக்கு முதன்மையானது, ஆராய்ச்சி செய்கிறோம், பொறுத்திருங்கள் என்பது அதன் சாரம். அதன் பிறகு கம்பனிகள் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தன. வெளியே ‘தீங்கு இன்னும் நிரூபிக்கப்படவில்லை’ என்றன. உள்ளே தாரைக் குறைக்கும் வழிகளைத் தேடின.

முதல் வழி பில்டர். லொரிலார்ட் கம்பனி 1952-இல் கென்ட் சிகரெட்டை உடல்நலப் பாதுகாப்பு என்று விளம்பரப்படுத்தி இறக்கியது. அதன் ‘மைக்ரோனைட்’ பில்டரில் இருந்தது நீலக் கல்நார், அதாவது அஸ்பெஸ்டோஸ். நுண்துணிக்கைகளை நன்றாகப் பிடிக்கும் என்பதால் அதைத் தெரிவு செய்தார்கள். 1956 வரை அது சந்தையில் இருந்தது. அந்தப் பில்டர் பொருளைச் செய்த மசசூசெற்ஸ் தொழிற்சாலையில் 1953-இல் வேலை செய்த 33 பேரைப் பற்றிய ஆய்வு 1989-இல் வெளிவந்தபோது 28 பேர் இறந்திருந்தார்கள். அந்த அளவு தொகையினரில் வழமையாக எதிர்பார்க்கக்கூடிய இறப்பு எட்டளவே. அதே 1953-இல் ரெனோல்ட்ஸ் கம்பனியின் இரசாயனவியலாளர் கிளோட் டீக் இன்னொரு யோசனையை எழுதிவைத்தார். புகை பட்டதும் நிறம் மாறும் பொருளைப் பில்டரில் வைத்தால், அது உண்மையில் அதிகம் வடிக்காவிட்டாலும் வடிப்பதுபோலத் தோன்றும், விற்பனைக்கு உதவும் என்பதே அது. புகைத்து முடித்த பில்டரின் மஞ்சள் கறையைக் காட்டி ‘எவ்வளவு அழுக்கைப் பிடிச்சிருக்குப் பாருங்கோ’ என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்றைய பில்டர் செலுலோசு அசற்றேற்று இழைகளால் ஆனது. புகைத் துணிக்கைகள் ஒரு மைக்ரோமீற்றரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அவற்றை முழுதாகப் பிடிக்குமளவுக்கு இழைகளை நெருக்கினால் இழுக்கவே முடியாது. ஆகவே பில்டர் பாதியளவு துணிக்கைகளைப் பிடித்து, மீதியை விட்டுவிடுகிறது. வாயுக்களில் பெரும்பகுதி அப்படியே கடந்துபோகும். வாயுக்களுக்காகக் கொண்டுவந்ததுதான் கரிப் பில்டர். 1963-இல் வந்த லார்க் அதில் பெயர்பெற்றது. ஐதரசன் சயனைட்டு, அக்ரோலீன் போன்றவற்றைக் கரி நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்தால், பாதி சிகரெட் முடியுமுன் கரி நிரம்பி, பிறகு வாயுக்களை விட்டுவிடும். காபனோரொட்சைட்டைக் கரி பிடிப்பதேயில்லை, அசற்றேற்றும் பிடிப்பதில்லை. இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்து இதயத்தை நெருக்கும் வாயு அதுதான்.

அடுத்து வந்தது காற்றோட்டத் துளை. ‘லைட்’, ‘மைல்ட்’, ‘தார் குறைந்தது’ என்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் தார், நிக்கொட்டின் அளவுகளை மனிதர் புகைத்து அளப்பதில்லை; இயந்திரம் புகைத்து அளக்கிறது. 1936-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பனியின் இரசாயனவியலாளர்கள் வகுத்த முறையை ஒட்டியே 1967-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பரிசோதனையைத் தொடங்கியது. நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு செக்கன், 35 மில்லிலீற்றர் இழுப்பு. மனிதர்கள் அப்படிப் புகைப்பதில்லை. 50 மில்லிலீற்றரளவும் அதற்கு மேலும் இழுப்பார்கள், இடைவெளியும் நிமிடத்தில் பாதிதான். இயந்திரத்தின் பழக்கம் மாறாது என்பதால், கம்பனிகளுக்கு வழி எளிதாகிவிட்டது. பில்டரைச் சுற்றியுள்ள தாளில், வாய்ப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தூரத்தில், நுண்ணிய துளைகளை வரிசையாக இட்டார்கள். இயந்திரம் இழுக்கும்போது துளைகளால் வெளிக்காற்றும் உள்ளே வந்து புகையைக் கரைக்கும். எண் குறையும். 1 மில்லிகிராம் தார் என்று அச்சிட்ட சிகரெட்டுகளில் இழுப்பின் ஐந்தில் நான்கு பங்குவரை வெறும் காற்றாக இருக்கலாம்.

மேலும் சில உத்திகள் சேர்ந்தன. தாளின் நுண்துளைமையைக் கூட்டினால் காபனோரொட்சைட்டு பக்கவாட்டில் கசியும். புகையிலையைப் பொரிபோல ஊதவைத்தால் அதே நீளச் சிகரெட்டில் எடை குறையும். தாளில் சிற்றேற்று உப்பைச் சேர்த்தால் வேகமாக எரிந்து, இயந்திரத்துக்குக் கிடைக்கும் இழுப்புகளின் எண்ணிக்கை குறையும். இவையெல்லாம் சேர்ந்து அமெரிக்கச் சிகரெட்டின் சராசரித் தாரை 1954-இல் 37 மில்லிகிராமிலிருந்து 1998-இல் 12 மில்லிகிராமளவுக்குக் கொண்டுவந்தன. காகிதத்தில் பார்த்தால் பெரிய வெற்றி.

உடம்பில் நடந்தது வேறு. ஒரு சிகரெட்டின் புகையிலைக்குள் 10 முதல் 15 மில்லிகிராம் நிக்கொட்டின் இருக்கிறது. புகைப்பவர் அதிலிருந்து எடுப்பது ஒன்று, ஒன்றரை மில்லிகிராமளவு. அந்த அளவு கிடைக்காவிட்டால் மூளை கேட்கும். உடனே ஆழமாக இழுப்பார், அடிக்கடி இழுப்பார், அடிவரை குடிப்பார், அல்லது எண்ணிக்கையைக் கூட்டுவார். இவை எதையும் யோசித்துச் செய்வதில்லை. துளைகள் இருக்கும் இடமும் விரலும் உதடும் வழமையாகப் படும் இடம்தான். அவை மூடுண்டால் ‘லைட்’ முழுச் சிகரெட்டாகிவிடும். இதைக் கவனித்துத்தான் கனடாவில் ‘தீவிர முறை’ என்ற பரிசோதனையை வகுத்தார்கள்: 55 மில்லிலீற்றர், 30 செக்கனுக்கு ஒரு தடவை, துளைகளை நாடாவால் முழுதாக மூடி. இப்படிப் புகைத்தால் 1 மில்லிகிராம் சிகரெட்டுக்கும் சாதாரணச் சிகரெட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். புகைத்து எறிந்த பில்டரின் வாய்ப்பக்க முனையைப் பாருங்கள். நடுவில் மட்டும் கறுத்த வட்டம் இருந்து ஓரம் வெளுப்பாக இருந்தால் துளைகள் திறந்திருந்தன. முனை முழுவதும் ஒரே சீராகக் கறை படிந்திருந்தால் துளைகள் மூடப்பட்டிருந்தன. துளை இருக்கிறதா என்று அறியத் தாளை மெதுவாக உரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

இதன் விளைவைப் பெரிய தொகையில் அளந்தும் இருக்கிறார்கள். 9 இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தரவை வைத்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், மத்திய தார், குறைந்த தார், மிகக் குறைந்த தார் என்ற மூன்று வகையினருக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஒரே அளவாக இருந்தது. 22 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பில்டர் இல்லாத சிகரெட் குடித்தவர்களுக்கு மட்டும் அது அதிகம். நீர்த்த புகையை ஆழமாக இழுப்பதால் அது நுரையீரலின் ஓரங்கள்வரை போகிறது. அந்த ஓரப் பகுதிகளில் வரும் சுரப்பிப் புற்றுநோய் வகை கடந்த பல பத்தாண்டுகளில் கூடியதற்குச் சிகரெட் வடிவமைப்பு மாற்றங்களே காரணம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014 அறிக்கை முடிவு செய்தது. தீங்கைக் குறைக்கிறோம் என்று செய்த மாற்றம் ஒரு புற்றுநோயைக் கூட்டியிருக்கிறது. என் பார்வையில் இந்த வரலாற்றில் மிகக் கொடிய பகுதி இதுதான். ‘லைட்’ என்ற சொல்லை நம்பி, விடவேண்டியவர்கள் பலர் விடாமல் மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இலும் அமெரிக்கா 2010-இலும் அந்தச் சொல்லைத் தடை செய்தன. பெட்டியின் நிறத்தை வெளிறச் செய்து அதே எண்ணத்தைத் தொடர்ந்து ஊட்டுகிறார்கள்.

நிக்கொட்டின் பக்கம் என்ன செய்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தவருக்கு எளிதில் விளங்கும். வெற்றிலையோடு புகையிலை போடும்போது சுண்ணாம்பு ஏன் வேண்டும்? சுண்ணாம்பின் காரம் நிக்கொட்டினை உப்பு நிலையிலிருந்து விடுவிக்கிறது. விடுபட்ட நிக்கொட்டின் வாய்த்தோலுக்குள் விரைவாக ஊறும். பிலிப் மொரிஸ் 1960-களில் புகையிலைத் தூளையும் நரம்பையும் அரைத்துச் செய்யும் தாளில் அமோனியாச் சேர்வையைச் சேர்த்தது இதே இரசாயனம்தான். தார் எண்ணைக் குறைத்தபோதும் நிக்கொட்டினின் உதை குறையாமல் பார்த்துக்கொள்ள அது உதவியது. 1963-இலேயே பிரவுண் அன்ட் வில்லியம்சன் கம்பனியின் தலைமைச் சட்டத்தரணி அடிசன் யீமன், நிக்கொட்டின் அடிமையாக்கும் பொருள், அதை விற்பதே நமது தொழில் என்று உள்வட்டக் குறிப்பில் எழுதியிருந்தார்.

இனி இரசாயனத் தடை. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்புவதற்கு மிகத் தெளிவான உதாரணம் நைத்திரேற்று. நைத்திரேற்று கூடிய புகையிலை நன்றாக, முழுமையாக எரியும், பென்சோபைரீன் குறையும். 1950-களுக்குப் பிறகு நைத்திரேற்று கூடிய பேர்லி வகையையும் இலை நரம்புகளையும் கலவையில் கூட்டினார்கள். பென்சோபைரீன் குறைந்தது உண்மை. ஆனால் அதே நைத்திரேற்று, நிக்கொட்டினோடு சேர்ந்து புகையிலைக்கே உரிய நைத்திரோசமீன்களை உண்டாக்கும். அவற்றில் என்.என்.கே. என்பது நுரையீரலில் சுரப்பிப் புற்றுநோயை உண்டாக்குவதில் வலியது. யூரியாவும் சாணியும் கூடப்போட்ட தோட்டத்து இலையிலும் இந்தக் கணக்கு மாறாது. நைத்திரசன் பசளை கூடினால் இலையில் நைத்திரேற்று கூடும்.

பதப்படுத்தும் முறையிலும் இதே நிலைமை. அமெரிக்காவில் சூளைக்குள் எரிவாயு அடுப்பை நேரடியாக எரித்து உலர்த்தியபோது அந்தச் சுவாலையின் நைதரசன் ஒட்சைட்டுகள் இலையில் நைத்திரோசமீனை உண்டாக்கின. 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வெப்பமாற்றிகளைப் பொருத்தி, சூடான காற்று மட்டும் உள்ளே போகச் செய்தார்கள். அளவு வெகுவாகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் சிகரெட்டின் பென்சோபைரீனும் காபனோரொட்சைட்டும் அக்ரோலீனும் இதனால் ஒரு துளியும் குறையவில்லை. பொசுபேற்றுப் பசளையிலிருந்தும் காற்றிலிருந்தும் இலையில் சேரும் பொலோனியம் 210 என்ற கதிரியக்கப் பொருளும் அப்படியே. அது புகையில் இருப்பதை 1964-இலேயே விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கம்பனிகள் உள்ளே ஆராய்ந்தன. அகற்றும் முறைகளைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை.

உண்மையிலேயே நம்பிக்கை தந்த முயற்சி லிகெற் கம்பனியின் ‘எக்ஸ்.ஏ.’ திட்டம். ஜேம்ஸ் மோல்ட் என்ற விஞ்ஞானியின் தலைமையில் பல்லேடியம் என்ற உலோக ஊக்கியையும் நைத்திரேற்று உப்பையும் புகையிலையில் சேர்த்தார்கள். பல்லேடியம் சிதைவுப் பொருள்களை மேலும் எரித்துவிடும். எலித் தோல் பரிசோதனையில் கட்டிகள் பெருமளவு குறைந்தன. ‘எப்பிக்’ என்று பெயரும் வைத்தாயிற்று. 1970-களின் இறுதியில் சட்டத்தரணிகள் தடுத்தார்கள். இது பாதுகாப்பானது என்று விற்றால், மற்றைய எல்லாச் சிகரெட்டும் பாதுகாப்பற்றது என்று நாமே ஒப்புக்கொண்டதாகும், வழக்குகள் குவியும் என்பது அவர்களின் அச்சம். மோல்ட் இதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொன்னார். எக்ஸ்.ஏ. வந்திருந்தால் உயிர்களைக் காத்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் அந்த அளவுக்குப் போக முடியவில்லை. எலித் தோலில் பூசியது தாரை மட்டும். காபனோரொட்சைட்டும் மற்ற வாயுக்களும் இதயத்துக்குச் செய்வதை அந்தப் பரிசோதனை காட்டாது. மனித நுரையீரலில் அந்தப் பலன் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எவரும் அளக்கவில்லை. ஆனால் அதை அளக்கும் வாய்ப்பையே சட்டத்தரணிகள் மூடினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அவர்கள் மூடியது அதை மட்டுமல்ல. ரெனோல்ட்ஸின் விலங்கு ஆய்வுகூடம் 1970-இல் ஒரேயடியாகக் கலைக்கப்பட்டது. பிலிப் மொரிஸில் நிக்கொட்டினை எலிகள் தாமாகவே நாடுவதைக் காட்டிய விக்டர் டினோபிளின் ஆய்வுகூடம் 1984-இல் மூடப்பட்டது. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பனிகள் பல பத்தாண்டுகள் பொதுமக்களை ஏமாற்றின, ‘லைட்’ சிகரெட் அதில் ஒரு பகுதி என்று விரிவான தீர்ப்பு எழுதினார்.

புகையிலைக்குப் பதிலாக வேறொன்றை எரித்தும் பார்த்தார்கள். பிரித்தானியாவில் ஐ.சி.ஐ. என்ற இரசாயனக் கம்பனியும் இம்பீரியல் புகையிலைக் கம்பனியும் செலுலோசிலிருந்து ‘புதிய புகைப்பொருள்’ ஒன்றைச் செய்து 1977-இல் கலவைச் சிகரெட்டுகளை இறக்கின. சில மாதங்களிலேயே படுத்துவிட்டது. நிக்கொட்டின் குறைவு, சுவை இல்லை. செலுலோசு எரிந்தாலும் தாரும் காபனோரொட்சைட்டும் வரத்தானே செய்யும்.

எரிக்காமல் சூடாக்கும் வழியை 1988-இல் ரெனோல்ட்ஸ் ‘பிரிமியர்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. முனையில் சிறு கரித்துண்டு, அதன் பின்னால் அலுமினியக் கூட்டுக்குள் கிளிசரினும் புகையிலைச் சாறும். கரியின் சூடு கிளிசரினை ஆவியாக்கி நிக்கொட்டினைச் சுமந்துவரும். தீக்குச்சியால் பற்றவைத்தால் கந்தகம் கலந்து வாய்க்கு ஒவ்வாத சுவை வந்தது, இழுப்பதும் கடினம். சில மாதங்களில் திரும்பப் பெற்றார்கள். அடுத்து வந்த ‘எக்லிப்ஸ்’ தொடர்பாக, ஆதாரமில்லாத உடல்நல விளம்பரம் செய்ததென்று வெர்மொன்ட் மாநிலம் வழக்குத் தொடுத்து வென்றது.

இன்றைய ‘ஐக்கொஸ்’ அதே வழியின் மின்கலப் பதிப்பு. 350 பாகைக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறது. பல நச்சுகளின் அளவு குறைகிறது என்பது சரி. 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கொடுத்த அனுமதியின் வரம்பைக் கவனிக்க வேண்டும்: நச்சுப் பொருள்களுடன் தொடர்பு குறைகிறது என்று சொல்லலாம், நோய் ஆபத்து குறைகிறது என்று சொல்ல அனுமதி இல்லை. சிகரெட்டும் சேர்த்துக் குடித்தால் அந்தக் குறைவும் வீணாகும். நிறையப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

எனக்கு அர்த்தமுள்ளதாகப் படும் ஒரே வடிவமைப்பு எதிர்த்திசையில் இருக்கிறது: நச்சைக் குறைக்காமல் நிக்கொட்டினை அடிமையாக்காத அளவுக்குக் குறைப்பது. மரபணு மாற்றத்தால் 95 வீதம் நிக்கொட்டின் குறைந்த புகையிலையில் செய்த சிகரெட்டை, நிக்கொட்டின் குறைந்தது என்று சொல்லி விற்க அமெரிக்கா 2021-இல் அனுமதி கொடுத்தது. எல்லாச் சிகரெட்டுக்கும் ஒரு கிராம் புகையிலைக்கு 0.7 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை 2025 ஜனவரியில் முன்மொழிந்தார்கள். காற்றுத் துளைச் சிகரெட்டிலிருந்து இதற்குள்ள வேறுபாடு முக்கியம். அங்கே இலைக்குள் நிக்கொட்டின் நிறைய இருந்தது, ஆழமாக இழுத்தால் கிடைத்தது. இங்கே இலைக்குள்ளேயே இல்லை. எவ்வளவு இழுத்தாலும் வராது. அந்தச் சிகரெட்டின் புகை வழமையான சிகரெட்டின் புகையளவே நஞ்சு. ஆனால் பழக்கம் பிடிக்காது, ஏற்கனவே பிடித்த பழக்கமும் தளரும்.

இப்போது சுருட்டு. கொக்குவில், இணுவில், தாவடிப் பக்கத்துச் சுருட்டுத் தொழில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்தக் கைவேலையை மதித்துத்தான் இதைச் சொல்கிறேன். மெதுவாக உலர்ந்து, கட்டி அடுக்கிப் புளித்த புகையிலையில் ஈரமும் சூடும் சேரும்போது பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கும். அதுவே நைத்திரோசமீனின் பிறப்பிடம். குடிலில் பொச்சுப் புகை போட்ட இலையில், எரிக்கும் முன்பே பென்சோபைரீன் படிந்திருக்கும். சுருட்டின் மேலிலை சிகரெட் தாளைப்போல நுண்துளைகள் கொண்டதல்ல. காபனோரொட்சைட்டு வெளியே கசியாமல் வாய்க்கு வரும். சுருட்டுப் புகை காரத்தன்மையுள்ளது, ஆகவே நெஞ்சுக்குள் இழுக்காமலே வாய்த்தோலால் நிக்கொட்டின் ஏறும். அப்பா முன்பு சிகரெட் குடித்தவரா என்று கேட்டுப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் சுருட்டு மட்டும் குடித்தவர்கள் பொதுவாகப் புகையை உள்ளே இழுப்பது குறைவு. நுரையீரல் ஆபத்தும் சிகரெட்டைவிடக் குறைவு, ஆனால் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆபத்துக் குறைவில்லை. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் நெஞ்சுக்குள் இழுப்பார்கள். அவர்களுக்கு இரண்டு ஆபத்தும் சேரும். சுருட்டோடு வெற்றிலை பாக்கும் போடுபவரானால் வாய்ப்புற்று ஆபத்து இன்னும் பல மடங்கு. இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே.

இங்கே ஒரு நேர்மையான விதிவிலக்கையும் சொல்லவேண்டும். சுவீடனில் வாயில் வைக்கும் ‘ஸ்னூஸ்’ புகையிலையைப் புளிக்கவிடாமல் நீராவியால் சூடாக்கிப் பற்றீரியாவைக் கொன்று, குளிரில் வைத்து விற்கிறார்கள். நைத்திரோசமீன் வெகுவாகக் குறைந்தது, எரிதலும் இல்லை. சுவீடன் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதைக் காட்டி நம்முடைய வாய்ப்புகையிலையை நியாயப்படுத்த முடியாது. புகை போட்டு, புளிக்கவைத்து, சுண்ணாம்பும் பாக்கும் சேர்த்துப் போடுவது முற்றிலும் வேறு பொருள். இலங்கையில் புகையிலை கலந்த மெல்லும் கலவைகளுக்கு 2016-இல் தடையும் வந்தது.

‘எண்ணிக்கையைக் குறைத்தால் போதாதா’ என்பது அடுத்து வரக்கூடிய கேள்வி. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரு சிகரெட் மட்டும் குடிக்கும் ஆணுக்கு, 20 குடிப்பவருக்கு உள்ள மேலதிக இதயநோய் ஆபத்தில் 46 வீதம் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு புகைக்கு ஆபத்தில் பாதியளவு! எந்த வடிவமைப்பும் நச்சைப் பாதியாக்கி இதயத்தைக் காக்க முடியாததற்கு இதுவே காரணம். முழுதாக விட்டால் ஓராண்டில் அந்த மேலதிக ஆபத்துப் பாதியளவாகக் குறைகிறது.

விடுவதற்கு உதவி தேவைப்பட்டால் நிக்கொட்டின் மெல்லும் கோந்து பயன்படும், சரியாக மென்றால். காலையில் எழும்பி அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். சுர்ரென்ற காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மீண்டும் மெல்லுங்கள், அரை மணி நேரம்வரை. சூயிங்கம்போலத் தொடர்ந்து சப்பினால் நிக்கொட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். கோப்பி, தேசிக்காய்த் தண்ணீர், சோடா குடித்துப் பதினைந்து நிமிடத்துக்குள் போட்டால் வாயின் புளிப்பில் உறிஞ்சாது. முதல் மூன்று நாள் கடினம், இரண்டு முதல் நாலு கிழமையில் தணியும். இதயநோய், கர்ப்பம் இருந்தால் வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

அப்பாவின் விடயத்தில் சுருட்டை விடுவது பற்றிய பேச்சுக்குக் காத்திராமல் இன்றைக்கே ஒன்று செய்யலாம். நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் கீழ், அண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெற்போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல், காரம் பட்டால் எரிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் யாழ். போதனா வைத்தியசாலையின் பல், வாய் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம், ஆரம்பத்தில் வலிப்பதில்லை.